சுருளில் இல்லாத குறை

குறை காண்பது எளிது. குறை எங்கே இருக்கிறது என்று காண்பதுதான் அரிது. இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு கித்தார்.

1979ஆம் ஆண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுனில் குடியிருந்தோம். நான் ஆசிரியர் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். பதினேழு வயதுத் தம்பிக்கு மின்கித்தார்மீது தீராத வேட்கை. அதை வாங்கும் வசதி எங்கள் வீட்டில் இல்லை. ஆதலால், தன்னிடமிருந்த பழைய மரக் கித்தாரில் பொருத்துவதற்கு ‘பிக்கப்’ என்னும் கருவியைத் தானே செய்ய முனைந்தான்.

பிக்கப் புதிரான பொருளன்று. ஆறு இரும்புத் திருகாணிகள். அவற்றின் அடியில் ஒரு காந்தம். சுற்றிலும் தலைமயிரை ஒத்த, எனாமல் பூசிய செப்புக்கம்பி. மேலே தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த நெறி அது.

தம்பி, ரோப் வாக் தெருவின் பழம்பொருள் கடைகளில் காந்தத்தைத் தேடிப் பிடித்தான். கைத்துளைப்பானை மேசையில் இறுக்கி அதில் கம்பியைச் சுற்றினான். பிடியை இருபத்தைந்து முறை சுழற்றினால் நூறு சுற்று. நூற்றுக்கு ஒரு தீக்குச்சி. எழுபது தீக்குச்சிகள் சேர்ந்தபோது ஏழாயிரம் சுற்றுகள் நிறைந்தன.

பழைய ஆம்பிளிஃபயர் ஒன்றுடன் இணைத்து வாசித்தான். மெல்லிய இரு தந்திகள் ஓரளவு ஒலித்தன. தடித்த நான்கும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவனபோல் முனகின.

“சுருளை நீ ஒழுங்காகச் சுற்றவில்லை. அறுத்தெறிந்துவிட்டு மீண்டும் சுற்று” என்றேன். அத்துறையில் எனக்கு அணுவளவும் அறிவில்லை. மூத்தவன் என்ற உரிமை ஒன்றே என்னைப் பேச வைத்தது. அவன் மறுமொழி கூறாமல் கத்தரிக்கோலை எடுத்தான்.

இரண்டாம் சுருளுக்கு அக்காள் துணை நின்றார். 1972இல் தோன்றிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில், நுண்ணோக்கியின் அடியில் மெல்லிய கம்பிகளை இணைக்கும் வேலை அவருடையது. இழை நலுங்காமல் பிடிக்க அவர் விரல்கள் அறிந்திருந்தன. ஆயினும் அதே முனகல்தான். தம்பி கித்தாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

அப்பா மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் உழைத்தவர். நாகசுரமே இசை, கித்தார் வெறும் இரைச்சல் என்பது அவர் கொள்கை. ஓரிரவு அவரே அதை வெளியே இழுத்தார்.

முதலில் ஆம்பிளிஃபயருக்குச் செல்லும் கம்பியின் நுனியை விரலால் தொட்டார், உறுமல் எழுந்தது. ஆம்பிளிஃபயர் நலம். அடுத்து மீட்டரை வைத்தார். முள் ஏறத்தாழ ஆறாயிரம் ஓம் காட்டியது. கம்பி அறுந்திருந்தால் முள் அசைந்திராது. சுற்றுகள் பெருமளவில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அளவு குறைந்திருக்கும். சுருளும் நலம். திருகாணியின் அருகே ஊசியைக் கொண்டுசென்றார், அது பற்றிக்கொண்டது. காந்தமும் நலம். பிக்கப்பைத் தந்திகளுக்குச் சற்று நெருக்கினார். ஒலி சிறிது உயர்ந்தது. ஆனால் தடித்த தந்திகளின் முனகல் தீரவில்லை.

பின்னர், முறுக்காணியில் எஞ்சித் தொங்கிய தடித்த தந்தியின் நுனியில் சுற்றியிருந்த பொன்னிறக் கம்பியைச் சிறிது பிரித்துக் காந்தத்திடம் நீட்டினார். அது அசையவேயில்லை.

“காந்தத்துக்கு வெண்கலம் தெரியாது, தம்பி. தந்தியை மாற்று” என்றார்.

மரக் கித்தாரின் தடித்த தந்திகளுக்கு உள்ளே எஃகு, மேலே வெண்கலச் சுற்று. காற்றின் வழி கேட்கும் செவிக்கு அது இனிமை. பிக்கப்போ உள்ளிருக்கும் எஃகை மட்டுமே உணரும். மின்கித்தாருக்குரிய நிக்கல் பூசிய எஃகுச் சுற்றுத் தந்திகளை மறுநாள் மாட்டினோம். வீடு அதிர்ந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, “முதற்சுருளும் நன்றாகத்தான் இருந்திருக்கும்” என்றார். நான் தலைகுனிந்தேன்.

கையால் செய்த பிக்கப்பில் குறையே நேராது என்று நான் கூறவில்லை. 1963இல் இங்கிலாந்தில் பிரையன் மே என்ற மாணவர் தம் தந்தையுடன் சேர்ந்து கித்தார் செய்யத் தொடங்கினார். அவர் செய்த பிக்கப்புகளில், தந்தியைப் பக்கவாட்டில் வளைக்கும்போது வேண்டாத ஓசை எழுந்தது. குறை காந்தத்தின் அமைப்பில் இருந்தது; அவர் வேறு பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். அங்கே குறை பிக்கப்பில். எங்கள் வீட்டிலோ தந்தியில். சோதித்துப் பார்த்தாலன்றி இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்று வள்ளுவர் வகுத்த முறையை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அப்பா அதைச் செய்து காட்டினார்.

பிற்காலத்தில் மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸின் (1969–2014) மின்மாண்டலின் இசையை ஒலிநாடாவில் கேட்ட அப்பா, “இந்தப் பிள்ளைக்குத் தந்தி தெரிந்திருக்கிறது” என்று சிரித்தார்.

மாணவன் ஒருவன் ஈனக் குரலில் விடை கூறும்போதெல்லாம் தம்பி கையிலிருந்த கத்தரிக்கோல் என் நினைவுக்கு வரும். அவனைக் கடியுமுன், நான் மாட்டிய தந்தி எதுவென்று பார்த்துக்கொள்வேன். அறுந்த அந்த முதற்சுருள் இன்றும் என் மேசையில் இருக்கிறது.