தோல்முட்டையும் ஒரு பாடம்

முட்டை என்றால் அதற்கு ஓடு உண்டு என்பது நாம் சிறுவயது முதற் கொண்டுள்ள எண்ணம். அவ்வெண்ணத்துக்கு மாறாக, ஓடு சிறிதுமின்றி, மெல்லிய சவ்வினால் மட்டும் மூடப்பெற்று, கையில் எடுத்தால் நீர் நிறைந்த பைபோலக் குழைகின்ற முட்டையும் உண்டு. எமது ஊர்ப்புறங்களில் இதனைத் தோல்முட்டை என்பர். இதுவன்றி, இரண்டு மஞ்சட்கரு கொண்ட பெருமுட்டை, மஞ்சட்கருவே இல்லாத நெல்லிக்காயளவு முட்டை, பருக்கள் படிந்த முட்டை, நடுவே வார் கட்டினாற்போன்ற தழும்புடைய முட்டை எனப் பல விகற்பங்கள் உள. கடையிலே முட்டை வாங்குவோர் இவற்றைக் காண்பது அரிது. தரம் பிரிக்கும்போதே இவை கழிக்கப்பட்டுவிடும். வளவிலே நாலைந்து கோழி வளர்ப்போருக்கோ, சிறப்பாக இளம்பேடுகள் முதன்முதலாக இடத்தொடங்கும் நாட்களில், இவை நன்கு பழகிய காட்சிகளாகும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி முட்டையை நம்மவர் பலரின் உணவுத்தட்டிலிருந்து அகற்றியது. கோழித்தீவனத்துக்கு வேண்டிய சோளம் அருகியது, பண்ணைகள் சுருங்கின, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்படும் நிலையும் வந்தது. அக்காலத்திலேதான் எங்கள் வீட்டில் அம்மா ஐந்து பேட்டுக்குஞ்சுகளை வாங்கி வளர்க்கலானார். தம்பிக்கு நாளுக்கொரு முட்டை, எஞ்சியதை விற்றால் எனது விடுதிச் செலவுக்குச் சிறு உதவி என்பது அவரது கணக்கு. ஆறு மாதம் தவிடும் குறுநலும் போட்டு வளர்த்த பேடுகளுள் முதலில் இட்டது கறுத்தப் பேடு. அது இட்டதோ தோல்முட்டை. அடுத்த முறையும் அவ்வாறே. அயல்வீட்டு ஆச்சி வந்து பார்த்தார். “உது வீட்டுக்கு ஆகாது பிள்ளை, கறிக்குக் குடுத்துவிடு” என்றார். “இப்பத்தானே ஆச்சி தொடங்கியிருக்குது, கொஞ்ச நாள் பாப்பம்” என்பது அம்மாவின் மறுமொழி. ஒரு கோழியின் உயிரும், ஒரு குடும்பத்தின் ஐந்திலொரு பங்கு முதலும் அவ்விரு கூற்றுகளுக்கிடையே தொங்கின. இவ்விரண்டில் எது அறிவுடைய கூற்று என்ற வினாவே என்னை இப்பொருள்பற்றிப் படிக்கத் தூண்டியது.

இயல்புக்கு மாறான முட்டையைத் தீநிமித்தமாகக் கொள்ளுதல் எமக்கு மட்டும் உரிய வழக்கன்று. சுவிற்சலாந்தின் பாசல் நகரில் 1474 ஆம் ஆண்டு, முட்டையிட்டதெனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு சேவல் விசாரிக்கப்பட்டு, முட்டையோடு சேர்த்து எரிக்கப்பட்டது. சேவலிட்ட முட்டையிலிருந்து பார்வையாற் கொல்லும் நச்சுப்பிராணி பிறக்கும் என ஐரோப்பியர் அஞ்சினர். பேட்டின் சூலகம் பழுதுற்றால் அதன் கொண்டையும் இறகும் சேவலை ஒத்து மாறுவதுண்டு என்பதை இன்று நாம் அறிவோம். எனினும், அந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் இரட்டைக் கருவுடைய முட்டைகளையும், சேவற் சேர்க்கையின்றிப் பிறக்கும் முட்டைகளையும் அச்சமின்றி ஆராய்ந்து எழுதியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. காலம் முன்னோக்கிச் சென்றாலும் அறிவு எப்போதும் அதனோடு உடன்செல்வதில்லை என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

முட்டையின் பிழைகளை விளங்கிக்கொள்ள, பிழையற்ற முட்டை உருவாகும் முறையை முதலில் அறிதல் வேண்டும். பேட்டின் இடப்பக்கச் சூலகம் ஒன்றே பொதுவாகத் தொழிற்படுகின்றது. அங்கு முதிர்ந்த மஞ்சட்கரு விடுபட்டுச் சூலகக்கானின் புனல்போன்ற வாயினுட் புகுகின்றது. அடுத்த பகுதியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தங்கி வெண்கருவைப் பெறுகின்றது. பின்னர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஒடுங்கிய பகுதியொன்றில் இருந்து இரு சவ்வுகளைப் போர்த்துக்கொள்கின்றது. இறுதியாக ஓட்டுச் சுரப்பியை அடைந்து, அங்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் தங்குகின்றது. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் செல்லும். அதன் பெரும்பங்கு ஓட்டுக்கே உரியது. நாம் ஒரு நொடியில் உடைத்து எறியும் ஓடே கோழியின் நீண்ட உழைப்பு என்பது சிந்திக்கத்தக்கது.

அவ்வோட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பங்கு கல்சியங் காபனேற்று ஆகும். ஒவ்வோர் ஓட்டிலும் சுமார் 2 கிராம் கல்சியம் உண்டு. கோழியின் குருதியில் ஒரு வேளையில் உள்ள கல்சியமோ இதன் மிகச் சிறு பகுதியே. ஆகவே கோழி தான் உண்ணும் உணவிலிருந்தும் தன் எலும்பிலிருந்தும் ஓயாது கல்சியத்தை எடுத்துக்கொண்டிருத்தல் வேண்டும். முட்டையிடத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன், பெண்மை ஓமோனின் தூண்டுதலால், நீண்ட எலும்புகளின் உட்குழியில் விசேட எலும்பிழையம் ஒன்று வளர்கின்றது. ஓடு பெரும்பாலும் இரவிலே, தீனியற்ற வேளையில், கட்டப்படுவதால் இவ்விழையம் ஒரு சேமிப்புப் பெட்டகமாக உதவுகின்றது.

இனி, இளம்பேடு ஏன் தவறுகின்றது என்பது எளிதில் விளங்கும். சூலகம், சூலகக்கான், சுரப்பி, ஓமோன்கள் யாவும் ஒத்திசைந்து இயங்கப் பழகுவதற்குச் சில நாட்கள் செல்லும். இரு மஞ்சட்கருக்கள் அடுத்தடுத்து விடுபட்டு ஒன்றாகப் புகுந்தால் இரட்டைக்கரு முட்டை பிறக்கின்றது. கருவே வாராது, சிறு இழையத் துணுக்கொன்று கானினுள் நுழைந்தால், அதனையே கருவென மயங்கி வெண்கருவும் ஓடும் சூழ்ந்து சிறுமுட்டை ஆகின்றது. ஓடு பூசப்பெறுமுன் முட்டை வெளித்தள்ளப்பட்டால் அதுவே தோல்முட்டை. ஓடு கட்டத்தொடங்கிய வேளையில் நாய் துரத்தியோ, கோழிகள் தம்முள் முட்டிமோதியோ முட்டை உள்ளேயே வெடிப்புறின், சுரப்பி அவ்வெடிப்பின் மேல் மீண்டும் சுண்ணம் பூசுகின்றது. நடுவே வார்போற் காணப்படும் தழும்பு அதுவே. மஞ்சட்கருவிற் காணும் குருதிப்பொட்டு, கரு விடுபடும்போது சிறு குருதிக்கலன் ஒன்று கசிந்ததன் அடையாளம். ஆரம்ப நாட்களில் தனித்துத் தோன்றும் இவற்றுட் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடுவன.

ஆயின், எல்லாம் தாமாகவே தீரும் எனக் கைகட்டியிருத்தலும் தவறு. தவிடு, குறுநல், தேங்காய்ப் பிண்ணாக்கு என்பன எமது வளவுக்கோழிகளின் வழமையான தீனி. இவை பசியைத் தீர்ப்பன. ஓட்டுக்குப் போதிய கல்சியத்தை அளிப்பன அல்ல. தவிட்டிலுள்ள பொசுபரசுச் சேர்வை, உள்ள சிறிதளவு கல்சியத்தையும் பிணித்துவிடுகின்றது. முட்டையிடும் கோழியின் தீனியில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு கல்சியம் இருத்தல் வேண்டும் என்பர். வளரும் குஞ்சுக்கு ஒரு பங்கு போதும். மிகுதியான கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே, இடத்தொடங்கும் பேடுகளுக்கு இடித்த சிப்பியைத் தனிச் சிரட்டையில் வைத்தலே சிறந்த முறை. தேவையுள்ளது தானே கொத்தும்; தேவையற்றது விலகும். சிப்பியை மாவாக்காது குறுநலளவாக இடித்தல் நன்று. பருந்துணிக்கைகள் அரைவைப்பையில் தங்கி, ஓடு கட்டப்படும் இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். கடலாற் சூழப்பட்ட குடாநாட்டில் சிப்பிக்குப் பஞ்சமில்லை. உட்கொண்ட கல்சியம் உடலிற் சேர விற்றமின் டீ வேண்டும். அது வெயிலிற் திரியும் கோழிக்கு இலவசமாகக் கிடைப்பது.

வெயிலும் அளவு மீறின் பகையே. கோழிக்கு வியர்வையில்லை, அது வாய்திறந்து இளைத்தே வெப்பத்தைக் கழிக்கின்றது. அவ்வாறு இளைக்கும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறுவதால், ஓட்டுக்கு வேண்டிய காபனேற்றுக் குறைந்து ஓடு மெலிகின்றது. நிழலும் குளிர்ந்த நீருமே இதற்கு மருந்து. நீரைப்பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1980 களில் அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற ஆய்வுகள், உப்புக்கலந்த குடிநீர் ஓட்டின் தரத்தைக் கெடுக்கின்றது எனக் காட்டின. உவர்க்கிணறுகள் பல உள்ள யாழ்ப்பாணத்தவர் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது. குடிக்க உவாத கிணற்றுநீரைக் கோழிக்கு வார்ப்பது எம்மிடையே சாதாரணம். நல்ல நீரைச் சுமந்து வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும், கோழிக்கென மேலும் ஒரு குடம் சுமத்தல் எளிதன்று என்பதையும் நான் அறிவேன்.

ஒரு கோழியன்றிப் பல கோழிகள் ஒருசேர மெல்லோட்டு முட்டையிடின், அதனை வேறுவகையில் நோக்கல் வேண்டும். தொற்றுச் சுவாசக்குழாயழற்சி, இராணிக்கெற் நோய், 1976 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட முட்டைக்குறைவு நோய் என்பன ஓட்டைத் திரைக்கவும் மெலிக்கவும் செய்வன. இறகைச் சிலிர்த்து, வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கும் பேட்டின் வயிற்றில் முட்டை சிக்கியிருக்கலாம். தோல்முட்டையைத் தசைகள் பற்றித் தள்ள இயலாமையால் அது சிக்குவதும் உண்டு. இவ்வேளைகளில் பொறுமை உதவாது; கால்நடை வைத்தியரையே நாடுதல் வேண்டும். ஓடற்ற முட்டையில் கிருமிகள் எளிதிற் புகுமாதலால் அதனை உண்ணாது விடுதலும் நன்று.

இலக்கியம் பயிலும் மாணவனாகிய எனக்கு இவையெல்லாம் ஏட்டுச்சுவடிகளை நினைவூட்டுகின்றன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அவர்முன் இருந்தவை சிதைந்தும் பிழைபட்டும் போன ஏடுகளே. பிழையுள்ள ஏடு தீயதென அவர் எறிந்திருப்பின் அந்நூல் எமக்கு எங்ஙனம் கிடைத்திருக்கும்? பாடபேதம் என்பது எழுதியவன் எங்கே தடுமாறினான், எதனை எதுவாக மயங்கினான் என்பதைக் காட்டும் தடயம். தோல்முட்டையும் அத்தகைய ஒரு பாடமே. தீனியின் குறை, நீரின் உப்பு, வெயிலின் கொடுமை, நாயின் துரத்தல், இளமையின் பழக்கமின்மை ஆகிய எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கோழி செய்தவை அல்ல. கோழிக்கு நேர்ந்தவை, சில நாமே நேர்வித்தவை.

ஆச்சியை நான் குறைகூறவில்லை. தீனிக்கு வழியற்ற காலத்தில், பயன்தராத ஒரு வாய்க்கு இரையிடுதல் அவர் தலைமுறைக்கு இயலாத காரியம். நிமித்தம் என்னும் போர்வையுள் அவர் கூறியது ஒரு வறுமைக் கணக்கே. ஆனால் அக்கணக்கிலும் ஒரு பிழை உண்டு: முதலிரு முட்டைகளைக் கொண்டு ஈராண்டு விளைவைத் தீர்த்துவிடுதல். அம்மா நூல் எதனையும் படித்தவர் அல்லர். சிரட்டையிற் சிப்பி வைத்தார்; உவர்நீரை நிறுத்தினார்; மாலையில் நாயைக் கட்டினார். மூன்றாம் வாரம் கறுத்தப் பேடு இட்ட முட்டையில் ஓடு இருந்தது. சற்றுச் சொரசொரப்பாக, ஒரு பக்கம் பருத்து. அதனைத் தம்பி உண்டான். தொடக்கத்திலே தடுமாறுவதை விலக்கிவிடும் வழக்கம் கோழிக்கூட்டோடு நின்றுவிடுவதில்லை. வகுப்பறையிலும், மணவீட்டிலும், தொழிலகத்திலும் அது உலவுகின்றது. அங்கும் முதலில் ஆராயவேண்டியது முட்டையை அன்று, தீனியையும் நீரையுமே.