என் பேட்டை, என் பப்

லண்டனில் தெருமுனை பப் வெறும் மதுக்கடை அல்ல. அதன் கதவு யாருக்குத் திறக்கும், எப்போது மூடும் என்பதற்காகவே ஒரு நூற்றாண்டாகச் சண்டை நடக்கிறது.

லண்டனுக்கு முதல்முறை போகும் இந்தியர் பப்பில் செய்யும் முதல் தவறு, உட்கார்ந்துவிடுவது. நல்ல மேஜையாகப் பார்த்து அமர்ந்து, சர்வர் வருவார் என்று காத்திருப்பார். பத்து நிமிடம் போகும். இருபது நிமிடம் போகும். யாரும் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வேண்டுமென்றே அவமதிக்கிறார்களோ என்ற சந்தேகமும் எழும். அப்படி எதுவும் இல்லை. வழக்கமான பப்பில் மேஜைக்கு யாரும் வருவதில்லை. கவுண்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, கிளாஸைத் தானே ஏந்திக்கொண்டு வரவேண்டும்.

கவுண்டரிலும் ஒரு புதிர் உண்டு. பஸ் நிறுத்தத்தில் ஒருவர் இருந்தாலே வரிசையாகத் தெரியும் ஊரில், பப் கவுண்டரில் மட்டும் ஆட்கள் பக்கவாட்டில் பரவி நிற்கிறார்கள். ஆனாலும் வரிசை இருக்கிறது. யாருக்குப் பின் யார் வந்தார் என்பது நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். உள்ளே பீர் ஊற்றுபவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் கண்ணில் பட்டால் போதும். கைதட்டிக் கூப்பிடுவதும் நோட்டை ஆட்டிக் காட்டுவதும் மரியாதைக் குறைவு. இந்த விதிகள் வெளிநாட்டவருக்குப் பிடிபடுவதில்லை என்பதால், சமூக மானுடவியலாளரான கேட் ஃபாக்ஸ் 1996-ல் இதற்காகவே ஒரு சிறு வழிகாட்டி நூல் எழுதினார்.

டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் அங்கு இல்லை. ஊற்றிக் கொடுத்தவரின் உபசரிப்பு பிடித்துப்போனால், ‘உங்களுக்கும் ஒன்று’ என்று சொல்லலாம். அதன் விலையையும் சேர்த்து எடுத்துக்கொள்வார். சில்லறையை விட்டுவிட்டுப் போவது எஜமானர் செய்கிற காரியம். கூடச் சேர்ந்து குடிக்க அழைப்பது சமமானவர் செய்கிற காரியம். வகுப்பு பேதத்துக்குப் பேர்போன நாட்டில் பப் இந்த விஷயத்தில் விடாப்பிடியாக இருக்கிறது.

அடுத்தது ‘ரவுண்டு’. நாலு பேர் சேர்ந்து போனால் ஒவ்வொருவரும் ஒரு முறை எல்லோருக்கும் வாங்கவேண்டும். தன் முறை வருவதற்குள் கழன்றுகொள்பவரைப் பேட்டை மறக்காது. முதல் உலகப் போரின்போது இந்தப் பழக்கத்தால் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அதிகம் குடிக்கிறார்கள் என்று அரசு கவலைப்பட்டது. 1915 அக்டோபரில், அடுத்தவருக்கு மது வாங்கித் தருவதே குற்றம் என்று லண்டனில் தடை வந்தது. போர் முடிந்ததும் தடை போனது. ரவுண்டு இன்றும் இருக்கிறது.

கையில் வரும் பீரும் நம்மவருக்கு ஏமாற்றம் தரக்கூடும். ஒரு பைண்ட் என்றால் 568 மில்லி. ஆங்கிலேயர் பெருமைப்படும் ‘ரியல் ஏல்’ பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும். நிலவறையிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். 11 முதல் 13 டிகிரி வெப்பம்தான். சில்லென்ற ஸ்ட்ராங் பீருக்குப் பழகிய நாக்குக்கு முதல் மடக்கு சப்பென்று இருக்கும். பெரும்பாலும் 4 சதவீதம் சொச்சம்தான் ஆல்கஹால். ஒரு பைண்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். அதற்காகத்தான் அது.

இயந்திரத்தில் தயாராகும் நுரை பீர் பப்களை நிரப்பத் தொடங்கியபோது, 1971-ல் குடிப்பவர்களே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். ‘காம்ரா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த இயக்கம்தான் பழைய பீப்பாய் பீரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். வாடிக்கையாளர் நினைத்தால் ஒரு தொழிலையே திருப்பமுடியும் என்பதற்கு அது முதல் பாடம்.

ஆர்வெல் தேடிய பப்

லண்டன்வாசி தன் பேட்டை பப்பை ‘என் லோக்கல்’ என்பார். அவருக்கு எது பிடிக்கும், எந்த மூலையில் உட்காருவார், வார நடுவில் ஏன் வரவில்லை என்பதெல்லாம் அங்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு வறுத்த இறைச்சிச் சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் வினாடி வினா, மேஜைக்கடியில் படுத்திருக்கும் நாய் என்று அதற்கென்று ஒரு வாழ்க்கை உண்டு. மனைவியை இழந்த முதியவர் நாளிதழும் ஒரு பைண்டுமாக மாலை முழுவதும் தனியாக உட்கார்ந்திருப்பார். யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். யாரோடு பேச விருப்பமோ பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ மாலை இதழில் தன் லட்சிய பப்பைப் பற்றி எழுதினார். ரேடியோவும் பியானோவும் இல்லாத அமைதி, பெயர் தெரிந்து பேசும் பணிப்பெண்கள், குழந்தைகளோடு உட்காரத் தோட்டம் என்று வரிசையாக வர்ணித்துவிட்டு, அப்படி ஒரு பப் இல்லவே இல்லை என்று முடித்தார். பீரின் தரத்தைவிட அதன் சூழலே அவருக்குப் பெரிதாக இருந்தது.

எல்லோருக்குமா?

ஆனால் ‘எல்லோருக்கும் பொது’ என்ற பொருளில் பெயர் வாங்கிய இந்த இடம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. விக்டோரியா காலத்து பப்களில் தொழிலாளிக்கு ஓர் அறை, கனவான்களுக்கு ஓர் அறை. ப்ளூம்ஸ்பரியில் உள்ள ‘லாம்ப்’ பப்பின் கவுண்டரில், முக உயரத்தில் சுழலும் சிறு கண்ணாடித் தடுப்புகளை இன்றும் பார்க்கலாம். தான் குடிப்பதைக் கவுண்டரில் நிற்பவர்கூடப் பார்க்கக்கூடாது என்று நினைத்த பெரிய மனிதர்களுக்கான ஏற்பாடு அது.

தடுப்பு கண்ணாடியில் மட்டும் இல்லை. போருக்குப் பின் வேலைக்கு வந்த இந்தியர்களையும் கரீபியர்களையும் பல பப்கள் உள்ளே விடவில்லை; விட்டாலும் குறிப்பிட்ட அறையில்தான். பர்மிங்ஹாமுக்கு அருகே ஸ்மெத்விக்கில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தினருக்குப் பீர் கேட்டுப் போவதே ஒரு போராட்டமானது. சங்கத்தின் அவ்தார் சிங் ஜோஹல் அழைப்பின் பேரில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரி 12 அன்று அந்த ஊருக்கே வந்து நிலைமையைப் பார்த்தார். ஒன்பது நாள் கழித்து அவர் நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு பிரிட்டனின் இன உறவுகள் சட்டம் பொது இடங்களில் நிறபேதம் காட்டுவதைத் தடை செய்தது. பப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது.

பெண்களின் முறை இன்னும் தாமதமாக வந்தது. லண்டன் பத்திரிகை உலகின் மையமாக இருந்த ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் ‘எல் வீனோ’ என்ற ஒயின் பார். ஆண் நிருபர்கள் கவுண்டரில் நின்று செய்தி பரிமாறிக்கொள்வார்கள். பெண்கள் பின்னறையில் போய் உட்காரவேண்டும். அங்கே கொண்டுவந்து தருவார்கள். பார்வைக்கு இது சலுகை. ஆனால் செய்தி புழங்கியது கவுண்டரில். ஒரு பெண் வழக்கறிஞரும் ஒரு பெண் பத்திரிகையாளரும் வழக்குப் போட்டார்கள். 1982-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கவுண்டரில் நிற்பது ஓர் உரிமை என்று சட்டப்படி உறுதியாக அத்தனை காலம் ஆனது.

மணி அடித்தாச்சு

பப் மூடுகிற நேரம் நெருங்கினால் மணி அடிப்பார்கள். முதல் மணிக்குக் கடைசி ஆர்டர். இரண்டாவது மணிக்கு விற்பனை முடிந்தது. 1914-ல் போர்க்காலச் சட்டம் பப் நேரத்தைச் சுருக்கியது. பிற்பகலில் மூடிவைக்கும் கட்டாயம் 1988 வரை நீடித்தது. இரவு 11 மணிக் கெடு 2005-ல்தான் தளர்ந்தது. 2007 ஜூலை 1 முதல் உள்ளே சிகரெட் இல்லை. ஹிட்லரின் குண்டுவீச்சிலும் திறந்திருந்த பப்களை, 2020 மார்ச் 20 அன்று கொரோனா ஒரே உத்தரவில் மூடவைத்தது. ஜூலை 4 வரை அவை திறக்கவில்லை.

பல பப்கள் அதற்கு முன்பே நிரந்தரமாக மூடிவிட்டன. லண்டன் மேயர் அலுவலகத்தின் கணக்குப்படி 2001-ல் நகரில் 4,835 பப்கள் இருந்தன. 2016-ல் 3,615. பதினைந்தே ஆண்டுகளில் நாலில் ஒன்று காணோம்.

குடிப்பவர் குறைந்ததும், சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பதும் காரணங்கள்தான். ஆனால் லண்டனில் பெரிய காரணம் மனை விலை. முன்பெல்லாம் பப்களில் பெரும்பாலானவை பீர் ஆலைகளின் சொத்து. ஆலைகளின் ஆதிக்கத்தை உடைக்க 1989-ல் அரசு ஓர் ஆணை கொண்டுவந்தது: 2,000-க்கு மேல் பப் வைத்திருக்கும் ஆலை, அதிகப்படியானவற்றில் பாதியை விற்கவோ தன் பிடியிலிருந்து விடுவிக்கவோ வேண்டும். ஆலைகள் விற்றன. வாங்கியவை பீர் காய்ச்சாத பெரும் நிறுவனங்கள். அவற்றுக்கு பப் என்பது வாடகையும் மனையும்தான். தெருமுனையில், இரண்டு மாடியோடு, நிலவறையோடு இருக்கும் ஒரு கட்டடம், பீர் விற்பதைவிட அடுக்குமாடி வீடாக மாறினால் பல மடங்கு தரும். கணக்கு அவ்வளவு எளிது.

செங்கல் செங்கல்லாக

அந்தக் கணக்கு ஓரிடத்தில் தப்பானது. வடமேற்கு லண்டனில் கில்பர்ன் பகுதியின் ‘கார்ல்டன் டேவர்ன்’ 1920-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் குண்டுகளுக்குத் தப்பிய கட்டடம். அதை இடித்து வீடுகள் கட்ட உரிமையாளர் கேட்ட அனுமதியை வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் மறுத்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அதை அறிவிக்கும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. 2015 ஈஸ்டர் விடுமுறையில், சரக்குக் கணக்கெடுப்புக்காக மூடுகிறோம் என்று ஊழியர்களிடம் சொன்னார்கள். ஏப்ரல் 8 அன்று இயந்திரங்கள் வந்தன. பேட்டைக்காரர்கள் ஓடிவந்து பார்க்கும்போது பப் செங்கல் குவியலாகக் கிடந்தது.

வழக்கமாக இப்படிப்பட்ட கதைகள் ஓர் அபராதத்தோடு முடியும். இங்கே முடியவில்லை. முன்பு இருந்ததுபோலவே, செங்கல் செங்கல்லாக மீண்டும் கட்டித் தரவேண்டும் என்று நகர மன்றம் உத்தரவிட்டது. இது நடக்கிற காரியமா என்று கேட்டவர்களுக்கு நல்ல பதில் இருந்தது. இடிப்புக்கு முன்பே எச்சரிக்கையாகப் பாதுகாப்புத் துறையினர் ஓடுகளுக்கு அச்சு எடுத்து, கட்டடத்தை விவரமாகப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். உரிமையாளரின் மேல்முறையீடு 2016-ல் தள்ளுபடியானது. 2021 ஏப்ரலில் கார்ல்டன் டேவர்ன் மறுபடியும் திறந்தது.

தென்கிழக்கு லண்டனில் நன்ஹெட் பேட்டை வேறு வழி கண்டது. அங்குள்ள ‘ஐவி ஹவுஸ்’ விற்பனைக்கு வந்தபோது, 2011-ன் உள்ளாட்சிச் சட்டத்தில் இருந்த ஒரு புதிய வசதியை மக்கள் பயன்படுத்தினார்கள். ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று ஒரு கட்டடத்தைப் பதிவுசெய்தால், அது விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஊராருக்கு அவகாசம் கிடைக்கும். 2012-ல் நாட்டிலேயே அப்படிப் பதிவான முதல் பப் ஐவி ஹவுஸ். 371 பேர் பங்கு வாங்கினார்கள். 2013-ல் பப் கூட்டுறவாகத் திறந்தது. வாடிக்கையாளரே முதலாளி. 2017 முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி இல்லாமல் எந்த பப்பையும் இடிக்கவோ வேறு தொழிலுக்கு மாற்றவோ முடியாது.

புதிய பெயர்ப் பலகை

சட்டம் கட்டடத்தைக் காப்பாற்றும். உள்ளே ஆள் வரவேண்டுமே? இங்கேதான் ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வாரிசுகள் வருகிறார்கள். சவுத்தாலில் பஞ்சாபிகளின் ‘கிளாஸி ஜங்ஷன்’, பிரிட்டனில் முதன்முதலாக ரூபாயை ஏற்றுக்கொண்ட பப் என்று பெயர் வாங்கி, 2012-ல் மூடும்வரை பிரசித்தமாக இருந்தது. இஸ்லிங்டனில் பழைய பப் ஒன்றை எடுத்து 2022-ல் திறந்த இடத்துக்கு ‘தமிழ் பிரின்ஸ்’ என்றே பெயர். அடுத்த ஆண்டே ‘தமிழ் கிரவுன்’ வந்தது. சமையல் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் கையில். வெண்டைக்காய் வறுவலும் சன்னா பட்டூராவும் பீருக்குத் துணை. ராஜாக்கள் பெயரும் கிரீடத்தின் பெயரும் வைப்பது ஆங்கிலேய பப்களின் பழைய வழக்கம்தான். அடைமொழி மட்டும் புதிது.

சாப்பாட்டுக்காகப் பெயர் வாங்கும் பப்களில் மேஜையை முன்பதிவு செய்யவேண்டியிருக்கிறது. ஒரு பைண்ட் 6 பவுண்டைத் தாண்டுவது இன்று லண்டனில் சகஜம். ஓய்வூதியத்தில் வாழும் பேட்டைப் பெரியவருக்கு மாலை முழுவதும் உட்கார மூலை எங்கே என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. ஒவ்வொரு பப்பும் தன் கவுண்டரில் தினமும் சொல்லவேண்டிய பதில் அது. சொல்கிற பப்களை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. மழைநாளின் மத்தியானத்தில் ஒரே ஒருவர் ஒரே ஒரு கிளாஸோடு உட்கார்ந்திருப்பார். எழுந்து போகும்படி யாரும் அவரை ஒரு பார்வைகூடப் பார்க்கமாட்டார்கள்.