வானத்துக்கு ஒரு சர்வே

என் அப்பா சர்வே இலாகாவில் இருந்தவர். வரப்பு எவ்வளவு கோணலாக ஓடினாலும் அவருக்குக் கவலையில்லை. எங்காவது ஒரு கல் அசையாமல் இருந்தால் போதும். ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், பேகம்பேட்டையில் இருக்கும் நிஜாமியா வான் ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு அந்தக் கல் ஞாபகம்தான் வந்தது. வானத்தில் எதை நட்டு, எங்கிருந்து அளப்பார்கள்?

பூமிக்கு இருப்பதுபோல வானத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. பூமத்தியரேகையை அப்படியே வானம்வரை விரித்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் சூரியன் அதைத் தாண்டும் புள்ளிதான் கணக்கின் பூஜ்யம். ஒரு நட்சத்திரம் நம் தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரம் ஒரு எண்ணைத் தரும். அந்தக் கணத்தில் அது நிற்கும் உயரம் இன்னொன்றைத் தரும். தொல்லை என்னவென்றால், அந்தப் பூஜ்யமே நகர்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போலத் தள்ளாடி, சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்று சுற்றுகிறது. எந்த ஆண்டுக்குரியது என்று எழுதாத வான அட்டவணை செல்லாது. அப்பாவின் இலாகாவில் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

1887இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் முழு வானத்தையும் புகைப்படம் எடுத்து அட்டவணை போட முடிவெடுத்தார்கள். வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, உலகெங்கும் சுமார் 20 ஆய்வுக்கூடங்களுக்குப் பங்கு. சிலி நாட்டின் சாண்டியாகோ தன் பங்கைக் கைவிட்டது. தெற்கே 17 டிகிரியிலிருந்து 23 வரையிலான அந்தப் பட்டை ஹைதராபாத்துக்கு வந்தது. நவாப் ஜாஃபர் ஜங் 1901இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. பிறகு ஜெர்மனியின் போட்ஸ்டாம் பங்கிலிருந்தும் ஒரு துண்டு இவர்கள் தலையில் விழுந்தது. (வேலையை முடிப்பவனுக்குத்தானே எந்த ஆபீசிலும் அடுத்தவன் வேலையும் வந்து சேரும்!)

ஒரு கண்ணாடித் தகட்டில் 2 டிகிரிக்கு 2 டிகிரி வானம். அதன்மேல் 5 மில்லிமீட்டர் கட்டங்கள். ஒவ்வொரு கரும்புள்ளியும் கட்டத்தின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்து எழுத வேண்டும். அதே தகட்டில் விழுந்த, ஏற்கெனவே இடம் தெரிந்த சில நட்சத்திரங்கள்தான் இங்கே நட்ட கல். அவற்றிலிருந்து கணக்கிட்டு மற்றவற்றின் இடத்தைப் பெற வேண்டும். இப்படி 7 லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்கள்! கால்குலேட்டர் கிடையாது. இயக்குநர்களாக இருந்த போகாக், பாஸ்கரன் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. நாள்தோறும் புள்ளிகளை அளந்தவர்களின் பெயரை யார் சொல்கிறார்கள்? வாடிகனில் இதே வேலையைக் கன்னியாஸ்திரீகள் செய்தார்கள்.

திட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேல் இழுத்தது. அதற்குள் வானியலின் கவனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்று ஆராய்வதில் கிடைத்த புகழ், இடம் குறிப்பதில் கிடைக்கவில்லை. வீண் உழைப்பு என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பேச்சு ஒப்புக்கொள்ள முடியாதது. ஏனென்றால் நட்சத்திரங்களும் நகர்கின்றன, மிக மிக மெதுவாக. எல்லாவற்றிலும் வேகமாக நகர்வதாகத் தெரியும் பர்னார்டு நட்சத்திரம்கூட, முழுநிலவின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 180 ஆண்டுகள் எடுக்கும். ஆகவே இன்றைய இடம் மட்டும் தெரிந்து பயனில்லை; பாட்டன் காலத்து இடமும் வேண்டும். எவ்வளவு நல்ல கருவி வாங்கினாலும் அதைப் புதிதாக அளக்க முடியாது.

ஐரோப்பாவின் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை வானத்தை அளந்தது. அந்த அளவுகளைப் பழைய தகடுகளின் எண்களோடு ஒப்பிட்டுத்தான், 2000ஆம் ஆண்டு வெளியான டைக்கோ-2 அட்டவணையில் சுமார் 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வைக் கணக்கிட்டார்கள். அந்தப் பழைய எண்களில் ஹைதராபாத்துடையவையும் உண்டு. அவற்றை எழுதியவர்களில் அநேகமாக யாரும் அப்போது உயிரோடு இல்லை.

அடுத்து வந்த கையா விண்கலம் 2025 ஜனவரியில் அளவை முடித்துக்கொண்டது. அதன் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 180 கோடி வான்பொருள்கள். அதிலும் ஆண்டு போட்டிருக்கிறார்கள்: 2016.