குத்தகை உயிர்

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் செல்லும் இருப்புப்பாதையில் பேரளத்தையும் பூந்தோட்டத்தையும் கடந்தால் நன்னிலம். மண்ணைப் பார்த்துத்தான் இப்பெயரை வைத்திருக்க வேண்டும். சுந்தரர் பாடிய மதுவனேசுவரர் கோயில் மாடக்கோயிலாக உயர்ந்து நிற்கிறது. அதைச் சுற்றி வயலும் வாய்க்காலும். இவ்வூரின் ஓரத்தில் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் பிள்ளைகள் நாங்கள் மூவர்.

'பயபக்தி' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தோம். கோயிலில் முழந்தாளிடும்போது பயபக்தி. ஜெபமாலையின்போது பேச்சு எழுந்தால், 'பயபக்தி இல்லையா?' என்று அம்மாவின் அதட்டல். பக்தி எங்களுக்கு ஓரளவு புரிந்தது. அதற்கு முன்னால் பயம் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் புரியவில்லை. அன்பே கடவுள் என்று ஞானோபதேச வகுப்பில் சொன்னார்கள். அன்பாக இருப்பவரிடம் எதற்குப் பயப்பட வேண்டும்? கொஞ்சம் படித்த பிறகு, பயம் என்பது பழைய காலத்துப் பிரசங்கிகள் விட்டுச்சென்ற மிச்சம் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். அந்தத் தீர்மானம் 2021 ஜனவரி வரை நீடித்தது.

அதற்கு முந்தைய ஆண்டு நம்பிக்கையோடுதான் தொடங்கியது. பல வருடங்களுக்குப் பின் மேட்டூர் அணையை வழக்கமான நாளில், 2020 ஜூன் 12 அன்று திறந்தார்கள். சம்பாவுக்கு அப்பா பொன்மணி விட்டார். சி.ஆர். 1009 என்று அரசாங்கம் எண்ணிட்ட அந்த நெல் ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். நவம்பரில் நிவர் வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் புரெவி வந்து வயலை ஏரியாக்கியது. தண்ணீர் வடிந்தபோது பயிர் நின்றிருந்தது. அறுப்பு நல்லபடியாக வீடு வந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக அப்பா நேர்ந்துகொண்டார்.

பொங்கலை ஒட்டிப் பருவம் தவறிய மழை பிடித்துக்கொண்டது. கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்த நேரம். டெல்டா முழுவதும் அந்த ஜனவரியில் நடந்ததுதான் எங்கள் ஆறு மாவிலும் நடந்தது. பயிர் படுத்தது, தண்ணீர் நின்றது, சில நாளில் கதிரிலேயே நெல் முளைத்தது. வெள்ளை முளைகளை அப்பா உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டிக்கு வாங்கிய பணமும் குத்தகை நெல்லும் அக்கையில் இருந்தது போலத் தோன்றியது.

அன்று மாலையும் ஜெபமாலை நடந்தது. அப்பா வழக்கமான குரலில் மறுமொழி சொன்னார். எங்களுக்கோ வாய் திறக்கவில்லை. யாரிடம், எதற்காக இந்த விண்ணப்பம் என்ற கோபம். ஜெபம் முடிந்ததும் அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். நள்ளிரவுக்குப் பிறகுதான் திரும்பினார். அடுத்த இரவும் அப்படியே. மூன்றாம் நாள், எங்களுக்குள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமல், மாட்டுக்கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தை எடுத்து ஒளித்து வைத்தோம். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

அன்றிரவு வயலிலிருந்து வந்த அப்பா திண்ணையில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார்.

"மருந்த எங்க வச்சிருக்கீங்கன்னு நான் கேக்கல. வச்ச எடத்துலயே இருக்கட்டும்."

நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

"அந்த நெனப்பு வரலன்னு பொய் சொல்லமாட்டேன். வந்துச்சு. ஆனா எனக்குப் பயம் இருக்குப்பா, அவருகிட்ட."

நரகத்தைச் சொல்கிறாரோ என்று கேட்டுவிட்டோம். அப்பா இல்லையென்று தலையசைத்தார்.

"நெலமும் நம்மளது இல்ல, உசுரும் நம்மளது இல்ல. ரெண்டும் குத்தகைதான். வெள்ளாம போச்சுன்னு குத்தகைக்காரன் நெலத்தக் கொளுத்திட்டுப் போவானா? நெலத்துக்காரர் மொகத்துல எப்படி முழிக்கிறது?"

அதன்பின் படுக்கப் போனார். அவர் குறட்டை விட்டுத் தூங்கியதை அந்த ஜனவரியில் அன்றுதான் கேட்டோம்.

பயத்துக்குள் இப்படி ஒரு தூக்கம் இருக்கக்கூடும் என்று நாங்கள் நினைத்ததில்லை. கடலில் புயலடிக்க, இயேசு படகில் தூங்கிக்கொண்டிருந்த காட்சியை மாற்கு எழுதியிருக்கிறார். பலமுறை கேட்ட பகுதிதான். அதில் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருந்தோம். அலையைக் கண்டு கலங்கிய சீடர்கள், அலை அடங்கிய பிறகு அதைவிடப் பேரச்சம் கொள்கிறார்கள். முதலாவது, தண்ணீர் தங்களை என்ன செய்துவிடுமோ என்பது. இரண்டாவது, தங்களோடு படகில் இருப்பவர் யார் என்பது. முன்னது ஆளைச் சிதறடிக்கிறது. பின்னது ஆளை நிறுத்துகிறது. பயபக்தியில் உள்ள பயம் இந்த இரண்டாவது என்று இப்போது படுகிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்று வள்ளுவரும் கருதினார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையை (1826–1889) இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டுத் தமிழ் நாவலைத் தொடங்கிவைத்தவர் என்றே இலக்கிய வாசகர்கள் அவரை அறிவார்கள். அவர் கத்தோலிக்கர். 1878இல் வந்த அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' எந்த மதத்தவரும் பாடத்தக்கவை. திருச்சி வானொலிக் கச்சேரியில் அவற்றைக் கேட்ட காலத்தில், யாரோ சைவப் பெரியவர் பாடியது என்றே அப்பா எண்ணியிருந்தாராம். அந்தப் பாடல்கள் எந்தக் காலத்தவை என்பதை நாங்கள் பிறகுதான் பொருத்திப் பார்த்தோம். 1876 முதல் 1878 வரை தாதுவருஷப் பஞ்சம். நெஞ்சுக்குத் தைரியம் சொல்லும் பாடல்களை வெளியிட்ட அதே மனிதர், தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கொடையை வியந்து கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியதாகச் சொல்வார்கள். பூந்தோட்டத்துக்கு அருகிலுள்ள திருவீழிமிழலையில், பஞ்ச காலத்தில் அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுது படைத்ததாகத் தலபுராணம். இந்த மண்ணில் பக்தி, வெறுங்கையோடு உட்கார்ந்திருந்ததாக எந்தக் கதையும் இல்லை. மன அமைதி என்பது ஊர் எரியும்போது கண்ணை மூடிக்கொள்வது என்றால், வேதநாயகருக்கு அது கிடைத்திருக்காது.

அப்பாவுக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் எழுந்தார். வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவைத்தார். தேறியதை அறுத்தோம். பெரும்பகுதி மாட்டுக்கும் கோழிக்கும்தான் ஆயிற்று. குத்தகைக்கு நிலம் விட்டவர் வீட்டு வாசலில் போய் நின்று உள்ளதைச் சொன்னார்; பாக்கி இரண்டு வருடத் தவணையாயிற்று. அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனார். கடன் முடிய மூன்று வருடம் பிடித்தது. அற்புதம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் நடக்கவில்லை.

நேர்ச்சை மட்டும் பாக்கியிருந்தது. அறுப்பு வீடு வரவில்லையே, பிறகென்ன நேர்ச்சை என்று கேட்டோம். "நான் சொன்னது சொன்னதுதான். யாவாரமா பண்ணுனேன்?" என்றார் அப்பா. பெருந்தொற்றின் காரணமாக 2021இலும் திருவிழாவுக்குப் பக்தர்கள் செல்ல முடியவில்லை. 2022 செப்டம்பரில், காவி உடுத்து, நால்வருமாக நடந்தோம்; அம்மாவுக்கு முழங்கால் வலி, பேருந்தில் வந்தார். ஆரோக்கிய மாதாவின் முன் அப்பா அதிக நேரம் நிற்கவில்லை. என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று தங்கை கேட்டாள். "ஒண்ணும் கேக்கல. வந்துட்டேன்னு சொன்னேன்" என்றார்.

இன்றும் ஆறு மா குத்தகைதான். தை மாதத்து இரவில் கூரைமேல் மழைச்சத்தம் கேட்டால் எல்லோருமே விழித்துக்கொள்கிறோம். அப்பாவும் விழித்திருப்பார். சற்று நேரம் இருட்டில் காது கொடுத்துவிட்டு, மெல்லச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மண்வெட்டியைத் தேடி எழுந்து போவார். ஒளித்துவைத்த மருந்தை நாங்கள் எப்போதோ வெளியே எடுத்துவிட்டோம்.