முட்டைக்கோஸ் மகாராஜா

குரோஷியாவில் ஸ்ப்ளிட் என்றொரு கடலோர ஊர். பதினேழு நூற்றாண்டு பழைய அரண்மனை. உள்ளே இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ராஜா காலத்துச் சுவரில் கொடி கட்டி லுங்கி சைஸ் துண்டு காயப்போட்டிருந்தார் ஒரு புண்ணியவான்!

கட்டியவர் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன். இருபது வருஷம் ஆண்டவர், உடம்பு படுத்தவே 305-ல் பதவியை உதறிவிட்டு இங்கே வந்து தோட்டம் போட்டார். மூன்றே வருஷத்தில் பழைய சகாக்கள், 'மறுபடி வாங்க தலைவரே' என்று கூப்பிட்டார்கள். தன் கையால் போட்ட காய்கறியைப் பார்த்தால் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அது முட்டைக்கோஸ் என்பது ஊர்க்கதை.

கடலைப் பார்த்த காபிக்கடையில் உட்கார்ந்து, 'இதுவல்லவோ ரிடையர்மென்ட்!' என்று பொறாமைப்பட்டேன்.

மீதிக் கதை கொஞ்சம் கசப்பு. விதவையான அவர் மகள் வலேரியாவைப் புது அரசன் ஒருவன் நாடு கடத்தினான். 'பெண்ணை என்னிடம் அனுப்பு' என்று கிழவர் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பினார். அவன் சட்டை செய்யவில்லை. அவர் துரத்தித் துரத்தி வதைத்த கிறிஸ்தவர்களோ, பிற்பாடு அவர் சமாதியையே சர்ச் ஆக்கிவிட்டார்கள்.

நாற்காலியை விட்டால் நிம்மதி நிச்சயம் சார். ஆனால், முட்டைக்கோஸ் கூட்டுக்குத்தான் ஆகும், சிபாரிசுக்கு ஆகாது!