பார்த்துச் சிரிப்பதும் கூடச் சிரிப்பதும்

ஏ9 வீதியில் பயணம் செய்கிறவர்கள் கொக்காவிலைக் கடக்கும்போது அங்கே நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார்கள். 2011இல் எழுந்த அதன் உயரம் 174 மீற்றர். என் வயதுக்காரருக்கு அந்த இடத்தைக் கண்டால் வேறொரு கோபுரந்தான் நினைவுக்கு வரும். எண்பதுகளில் ரூபவாஹினியின் ஒளிபரப்பை வடக்குக்கு அனுப்பிய பழைய கோபுரம் அது. 1990 யுத்தத்தில் அழிந்துபோனது. லண்டன் நகரம் முதன்முதலில் எங்கள் ஊர் முற்றத்துக்கு வந்தது அந்தக் கோபுரத்தின் வழியாகத்தான்.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைந்த எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் இல்லை. ஒரு வீட்டில் மட்டும் சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. பொழுதுபட்டதும் உழவு இயந்திரத்தின் பற்றறியைக் கழற்றி வந்து பெட்டியோடு இணைப்பார்கள். ஒருவர் அன்ரெனாத் தடியைப் பிடித்துத் திருப்ப, முற்றத்தில் பாய் விரித்து முப்பது நாற்பது பேர் இருப்போம். அப்படித்தான் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற பிரித்தானிய நகைச்சுவைத் தொடரைப் பார்த்தோம்.

வின்ஸ் பவல் எழுத, லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சி தயாரித்து, 1977 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கிய தொடர் அது. லண்டனில் ஒரு மாலைநேர வகுப்பு. ஆங்கிலம் கற்பிக்க வருகிறவர் பிரவுண் என்ற இளம் ஆசிரியர். எதிரே இத்தாலியர், ஸ்பானியர், கிரேக்கர், ஜேர்மானியர், யப்பானியர், சீனப் பெண், பாகிஸ்தானியர், சீக்கியர், பின்னல் ஊசியும் நூலுமாக இருக்கும் ஓர் இந்திய அம்மா. பிழைக்க வந்த நாட்டின் மொழி தெரியாமல் தடுமாறுகிறவர்கள் எல்லோரும். ஒரு சொல்லுக்குப் பதில் அதைப்போல் ஒலிக்கும் இன்னொரு சொல்லைச் சொல்வார்கள். மரபுத்தொடரை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வார்கள். காளமேகத்தின் சிலேடையைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இந்த விளையாட்டு புதிதல்ல.

நான் ஆங்கில ஆசிரியன். அதனால் முற்றத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. “சேர், என்னவாம் சொல்லுறான்?” என்று கேட்பார்கள். நான் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாத ஒரு கிழவி என் விளக்கத்துக்குக் காத்திருக்காமலே சிரித்தார். அந்த இந்திய அம்மா வகுப்பில் எழுந்து, சொல் கிடைக்காமல் விழித்து, பிறகு துணிந்து எதையோ சொல்லிவிட்டு இருக்கும்போது கிழவி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சொன்னார்: “பாவம், ஆசுப்பத்திரியிலை சிங்கள நேர்சிட்டை நானும் இப்பிடித்தான் முழிச்சனான்.” அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளோடு கூடச் சிரித்தார். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால் அந்தத் தூரத்தை அறியாமல் நான் ஒரு பிழை செய்திருக்கிறேன்.

ஆசிரியத் தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. வகுப்பில் ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். ‘ஸ்கூல்’ என்ற சொல்லை அவன் ‘இஸ்கூல்’ என்று வாசித்தான். பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்த சில பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தம் போட்டல்ல, ஒரு சிறு புன்னகைதான். அந்தப் பையன் அதற்குப் பிறகு என் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. சாதாரண தரம் வரை வந்தான், பிறகு படிப்பை நிறுத்திவிட்டான்.

கைவேலையில் அவன் கெட்டிக்காரன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு அதைப் பொருத்திக் கொடுத்தவன் அவன்தான். யுத்தம் முடிந்து ஊரில் மீள்குடியேறிய பிறகு அவனுடைய கராஜுக்கு ஒருநாள் போனேன். புதிய இயந்திரம் ஒன்றின் ஆங்கில விளக்கப் புத்தகத்தை விரித்து, படங்களை மட்டும் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தான். நான் இரண்டு வரியை வாசித்துச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னான்: “நீங்களும் அண்டைக்குச் சிரிச்சனீங்கள் எல்லோ, சேர்.”

முப்பது வருடங்களுக்கு மேல் அந்தப் புன்னகையை அவன் சுமந்திருக்கிறான். எவ்வளவோ இழப்பைக் கண்ட மனிதன் அவன். ஆனாலும் அதை மறக்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி வாங்கித் தந்தான்.

அவன் செய்தது பிழையே அல்ல என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தமிழில் தனி மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலில் வராது. அந்த இலக்கணம் படிக்காத பிள்ளையின் நாக்கிலும் இருக்கிறது. அதனால்தான் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டான். முதலில் வரக்கூடாத எழுத்து வந்தால் லண்டனையே இலண்டன் என்று எழுதுகிறவர்கள் நாம். ஸ்பானிய மொழிக்காரருக்கும் இதே வழக்கம். அவர்கள் ‘எஸ்கூல்’ என்பார்கள். அந்த மாலை வகுப்பில் ஸ்பானியர் தடுமாறுவதைப் பார்த்து ரசித்த நான், அதே தடுமாற்றத்துக்காக என் மாணவனை வெட்கப்பட வைத்திருக்கிறேன். பிரவுண் என்ற அந்த ஆசிரியர் சலித்துக்கொள்வார், தலையில் கை வைப்பார். ஆனால் பிழைவிட்ட மாணவரைச் சிறுமைப்படுத்த மாட்டார். ஒரு நகைச்சுவைத் தொடரிலிருந்து நான் கற்ற கற்பித்தல் பாடம் அது.

லண்டனிலிருக்கும் மகள் பின்னாளில் வேறு பிரித்தானியத் தொடர்களையும் அனுப்பிவைத்தாள். அவற்றுள் என் மனதில் தங்கியது ‘ஃபோல்ட்டி டவர்ஸ்’. 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தம் பன்னிரண்டே பகுதிகள். கடற்கரை விடுதி ஒன்றின் முதலாளி பேசில், தன்னை உயர்ந்த மனிதராக நினைக்கிறவர். அவரிடம் மனுவேல் என்ற ஸ்பானியப் பணியாள். முதல் பகுதியிலேயே ஒரு காட்சி. ‘அந்தத் தட்டுகளில்’ வெண்ணெய் அதிகம் என்று முதலாளி ஆங்கிலத்தில் சொல்கிறார். அது மனுவேலின் காதில் ஸ்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதுபோல் விழுகிறது. முதலாளி எண்ணத் தெரியாமல் பிழையாகச் சொல்கிறார் என்று எண்ணி, மனுவேல் அவருக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கிறான். அந்த இடத்தில் யார் அறியாதவர்? அவரவர் மொழியில் இருவருமே சரிதான். அதை அறியாமல் சீறுகிற முதலாளிதான் சிரிப்புக்கு ஆளாகிறார்.

மனுவேலாக நடித்த அன்ட்ரூ சாக்ஸின் கதையை அறிந்தபோது அந்தத் தொடரை மறுபடி பார்த்தேன். அவர் ஸ்பானியர் அல்ல. 1930இல் பேர்லினில் பிறந்தவர். தந்தை யூதர். நாசிகளுக்குத் தப்பி 1938இல், எட்டு வயதில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்த அகதிப் பிள்ளை. சிறு வயதில் வேற்று மொழிக்குள் வந்து விழுந்த ஒருவர், பின்னாளில் மொழி தெரியாத மனிதனாக நடித்து ஒரு நாட்டையே சிரிக்க வைத்தார். வன்னியில் பிறந்து அகதியாகப் போன பிள்ளைகளைக் கொண்ட எந்தத் தகப்பனும் இதைக் கேட்டுச் சும்மா கடந்து போகமாட்டான்.

பிரித்தானியத் தொடர்களில் நல்லவற்றை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு பொது அமைப்புத் தெரியும். விழுகிறவன் பெரும்பாலும் எளியவன் அல்ல, தலைக்கனம் பிடித்தவன். ‘டாட்ஸ் ஆர்மி’யில் ஊர்காவல் படைக்குத் தன்னைத் தலைவனாக்கிக்கொள்ளும் வங்கி முகாமையாளர் விழுகிறார். ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரில் அமைச்சரும் அவருடைய செயலாளரும் ஒருவரையொருவர் வெல்ல முயன்று மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கையெழுத்துக்காகக் கந்தோர் வாசலில் நாள்கணக்கில் நின்ற எங்களுக்கு அதை விளங்கிக்கொள்ள ஆங்கிலப் புலமை தேவைப்படவில்லை.

இது எங்களிடமும் இருந்த செல்வந்தான். விடியவிடிய நடக்கும் கூத்தில் ராசா வருவதற்கு முன் கட்டியகாரன் வருவான். ராசாவின் பெருமையைச் சொல்கிற சாட்டில் ஊர்ப் பெரியவர்களையும் தொட்டுப் பேசுவான். அவர்களும் இருந்து சிரிப்பார்கள். இலங்கை வானொலியில் சானாவின் பெயரோடு நினைவில் நிற்கும் ‘லண்டன் கந்தையா’ நாடகத்தைக் கேட்டு எங்கள் பெற்றோர் சிரித்தார்கள். 1963இல் சிவஞானசுந்தரம் தொடங்கிய ‘சிரித்திரன்’ சஞ்சிகை, எங்கள் போலிக் கௌரவத்தையும் சீதன ஆசையையும் எங்கள் முகத்துக்கு நேரே காட்டியது. வெளிநாட்டுச் சிரிப்பை விளங்கிக்கொள்ள எங்களுக்கு உதவியவை இவைதான். சொந்த வீட்டில் சிரிக்கப் பழகியவனுக்கு அடுத்த வீட்டுச் சிரிப்பும் விளங்கும்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ எல்லா இடத்திலும் நல்ல சிரிப்பைத் தரவில்லை. யப்பானியர் என்றால் ஓயாமல் குனிவார், சீக்கியரும் பாகிஸ்தானியரும் என்றால் சண்டை பிடிப்பார்கள் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒரே முத்திரையைக் குத்தியது. இங்கிலாந்திலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது. பார்வையாளர் ஏராளமாக இருந்தும் 1979இல் தொடர் நிறுத்தப்பட்டது. 1986இல் சிறிது காலம் மீண்டும் வந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. எங்கள் முற்றத்தில் அது கூடச் சிரிக்கும் சிரிப்பாக இருந்தது. லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கறுத்த பிள்ளையின் உச்சரிப்பைச் சொல்லிக் காட்டி மற்றவர்கள் சிரித்தால், அதுவே பார்த்துச் சிரிக்கும் சிரிப்பாகிவிடும். சொல் ஒன்றுதான். யார் யாரிடம் சொல்கிறார் என்பதில் அது மருந்தாகவும் நஞ்சாகவும் மாறுகிறது.

காலமும் மாறியிருக்கிறது. அந்தத் தொடரில் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த அல்பேர்ட் மோசஸ் எங்கள் நாட்டுக் கம்பளையில் பிறந்தவர். பிறர் எழுதிய வசனத்தை, வேறோர் இனத்தவரின் தலைப்பாகையோடு அவர் பேசவேண்டியிருந்தது. இன்று றொமேஷ் ரங்கநாதன் இருக்கிறார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, பிறகு நகைச்சுவைக் கலைஞர் ஆனவர். 2018இல் ‘த ரிலக்டன்ட் லான்ட்லோர்ட்’ என்ற தொடரில், தகப்பன் விட்டுப்போன மதுச்சாலையை நடத்தும் தமிழ்ப் பிள்ளையின் கதையைத் தானே எழுதி நடித்தார். நாற்பது ஆண்டுகளில், பிறர் வரைந்த சித்திரமாக இருந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இதைப் பார்க்கக் கிடைத்தது எனக்கு நிறைவு.

சென்ற பள்ளி விடுமுறைக்கு மகளின் பிள்ளை லண்டனிலிருந்து வந்திருந்தாள். பதினொரு வயது. வந்த அன்று எல்லோரோடும் தமிழில் பேச ஆசைப்பட்டு, “அம்மம்மா கோயிலுக்குப் போயிட்டான்” என்றாள். இங்குள்ள பேரன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு இரண்டு நாள் அவள் தமிழில் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் அந்த முகத்தை முன்பே ஒரு வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. இரவு எல்லோரையும் முற்றத்தில் இருத்தி, கைபேசியில் அந்தப் பழைய மாலை வகுப்பைப் போட்டுக் காட்டினேன். பேத்தி ஆங்கிலப் பகிடிகளை விளக்கினாள். பேரன்மார் தமிழில் அவளுக்குத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு ‘இஸ்கூல்’ சொன்ன பையனின் கதையைச் சொன்னேன். மூத்த பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவளிடம் கேட்டான்: “என்ரை இங்கிலீசைத் திருத்துவியா? நான் உன்ரை தமிழைத் திருத்திறன்.” அவள் தலையாட்டினாள். விடுமுறை முடியும்வரை இருவரும் பிழை விட்டார்கள், சிரித்தார்கள், பேசினார்கள்.

மொழி நாக்கில் வருவதற்கு முன் துணிவில் வரவேண்டும். பிழைவிட அஞ்சுகிற பிள்ளை எத்தனை புத்தகம் படித்தாலும் பேசாது. எங்கள் மாவட்டங்களில் ஆங்கிலம் வராமல் வாய்ப்பை இழக்கும் பிள்ளைகளுக்கு அறிவு குறைவல்ல. முதல் பிழைக்குக் கிடைத்த சிரிப்பு அவர்களின் வாயைப் பூட்டியிருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழை விடும் பிள்ளைகளிலும் பலருக்கு அதே பூட்டுத்தான்.

ஆகவே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் பிள்ளை நாளை ஆங்கிலத்திலோ தமிழிலோ சிங்களத்திலோ ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லும். அப்போது உங்கள் முகத்தைத்தான் அது முதலில் பார்க்கும். அந்தப் பிள்ளை சிரித்தால் நீங்களும் கூடச் சிரியுங்கள். அது சிரிக்காவிட்டால் நீங்களும் சிரிக்காதீர்கள்.