இஸ்கந்தரிய்யா: ஒரு நகரமும் ஒரு பழியும்

எகிப்துக்குச் செல்வோரில் பலர் கெய்ரோவையும் பிரமிடுகளையும் கண்டதோடு நாடு திரும்பி விடுகின்றனர். நீங்கள் சென்றால், இஸ்கந்தரிய்யாவுக்கென்று ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். கெய்ரோவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 220 கிலோ மீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலின் கரையோரமாக நீண்டு கிடக்கிறது அந்நகரம். மேனாட்டார் அதனை அலெக்ஸாண்டிரியா என்பர். கி.மு. 331-இல் மாவீரர் அலெக்ஸாண்டரால் நிறுவப்பட்ட அது, முஸ்லிம்கள் எகிப்தை வெற்றி கொள்ளும் வரை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அந்நாட்டின் தலைநகராகத் திகழ்ந்தது.

முதலில் கடற்கரைச் சாலை வழியே சென்று, துறைமுக முனையில் நிற்கும் காயித்பாய் கோட்டையைக் காணுங்கள். மம்லூக் சுல்தான் காயித்பாய் 1477 முதல் 1479 வரை கட்டிய கோட்டை இது. பழங்கால உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றான கலங்கரை விளக்கம் இதே இடத்தில்தான் நின்றது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அது 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. முஸ்லிம் ஆட்சியாளர்கள் அதனை இடிக்கவில்லை. பழுதுற்றபோது செப்பனிட்டுக் காத்தனர். அதனை வீழ்த்தியவை நிலநடுக்கங்களே. 1326-இல் இங்கு வந்த பயணி இப்னு பதூதா, அதன் ஒரு பக்கம் இடிந்திருக்கக் கண்டார். 1349-இல் மீண்டும் வந்தபோது உள்ளே நுழையவும் வழியில்லாதபடி அது சிதைந்து கிடந்தது. சரிந்த கற்களுள் சில கோட்டைச் சுவர்களில் இடம் பெற்றன. வேறு பல கற்களையும் சிலைகளையும் 1994-இல் தொடங்கிய கடலடி ஆய்வு வெளிப்படுத்தியது.

கோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அபுல் அப்பாஸ் அல்-முர்ஸீ (ரஹ்) அவர்களின் பள்ளிவாசல் உள்ளது. ஸ்பெயின் நாட்டின் முர்ஸியா நகரில் பிறந்து, இமாம் அபுல் ஹஸன் ஷாதுலீ (ரஹ்) அவர்களின் மாணவராகி, 1287-இல் இங்கு மறைந்த பெரியார் அவர். அதன் அருகிலேயே இமாம் பூஸிரீ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் இருக்கிறது. ஆம், நம் இல்லங்களிலும் மத்ரஸாக்களிலும் ஓதப்படும் புர்தா ஷரீஃபை இயற்றிய அதே பூஸிரீதான்! பக்கவாதத்தால் நலிவுற்றிருந்த வேளையில் அவர் பாடிய அந்தக் கவிதை, கடல்களைக் கடந்து காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் வந்து சேர்ந்திருப்பதை அங்கு நின்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து நகரின் தென்மேற்கே செல்லுங்கள். மேட்டின் மீது, அஸ்வானின் செந்நிறக் கருங்கல்லால் ஆன ஒற்றைத் தூண் ஒன்று ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். மேனாட்டார் இதனைப் பாம்ப்பியின் தூண் என்றாலும், இது ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் நினைவாக எழுப்பப்பட்டது. அரபிகள் 'அமூதுஸ் ஸவாரீ' என்பர். பெரிய நூலகத்தின் கிளை நூலகம் இயங்கிய கோயில் இங்குதான் இருந்தது.

இந்தத் தூணின் அடியில்தான் நம்மீது சுமத்தப்பட்ட பழியை ஆராய வேண்டும். இஸ்கந்தரிய்யாவின் புகழ்மிக்க நூலகத்தைக் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி, தளபதி அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எரித்தார்கள் என்றும், அந்நூல்கள் ஆறு மாத காலம் குளியல் கூடங்களுக்கு விறகாயின என்றும் ஒரு கதை உண்டு.

வரலாறு சொல்வதென்ன? கி.மு. 48-இல் ஜூலியஸ் சீசர் துறைமுகக் கப்பல்களுக்கு இட்ட தீயில் நூல்கள் பல அழிந்தன என்று பண்டைய ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். ஏறத்தாழ கி.பி. 272-இல் பேரரசர் அவுரேலியன் நடத்திய போரில் நூலகம் இருந்த அரண்மனைப் பகுதியே பாழாயிற்று. இத்தூண் நிற்கும் கோயில் வளாகம் 391-இல் தகர்க்கப்பட்டது. முஸ்லிம்கள் நகருக்குள் நுழைந்ததோ 642-இல்! அதற்கு முன் உடன்படிக்கைப்படி பதினொரு மாதத் தவணையும் அளித்திருந்தனர். ரோமர்கள் தம் உடைமைகளோடு கப்பலேற அதில் இடமிருந்தது. அந்த நூற்றாண்டிலேயே வெற்றியின் வரலாற்றை எழுதிய கிப்தியக் கிறித்தவப் பாதிரியார் நிக்கியூ யோவான் நூலக எரிப்பு பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

அப்படியானால் இக்கதை எங்கே பிறந்தது? ஏறத்தாழ 550 ஆண்டுகளுக்குப் பின்! 1200-ஆம் ஆண்டளவில் இங்கு வந்த மருத்துவ மேதை அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதீ இத்தூணைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் இதைச் சொன்னார். அதே இடத்தில், அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய மண்டபமும் இதுவே என்றார். அரிஸ்டாட்டில் இந்நகரில் ஒருநாளும் கற்பித்தவரல்லர்! பின்னர் இப்னுல் கிஃப்தீ கதையை விரித்தெழுதினார். அதில் அம்ரு (ரலி) அவர்களோடு உரையாடுவதாக வரும் யஹ்யா என்னும் அறிஞரோ, வெற்றிக்குப் பல்லாண்டுகள் முன்பே மறைந்தவர். ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் இதனை ஐயுற்றார். மௌலானா ஷிப்லீ நுஃமானீ தனிக் கட்டுரையே எழுதி மறுத்தார்.

அன்பர்களே! இக்கதையை முதலில் ஏட்டில் ஏற்றியவர்கள் பகைவர்களல்லர். நம்மவர்களே என்பதைக் கவனியுங்கள். வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்பது நம் திருமறையின் கட்டளை. அதனை ஓரிருவர் மறந்ததன் விலையை ஒரு சமுதாயம் பல நூற்றாண்டுகளாகச் செலுத்தி வருகிறது. காதில் விழுந்ததை அப்படியே அடுத்தவருக்குக் கடத்தும் இந்நாளில் இது நமக்கும் உரிய பாடமன்றோ?

இறுதியாக, கடலை நோக்கிச் சாய்ந்த வட்டக் கூரையுடன் 2002-இல் திறக்கப்பட்ட புதிய நூலகத்துக்குச் செல்லுங்கள். அதன் கருங்கற்சுவரில் 120 எழுத்து முறைகளின் வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 2011 ஜனவரியில் எகிப்தில் மக்கள் எழுச்சி மூண்டு, காவலர்கள் தெருக்களை விட்டு அகன்றபோது, இந்நகரின் இளைஞர்கள் கைகோத்து நின்று இந்நூலகத்தைக் காத்தனர். நூலகத்தை எரித்தவர்கள் என்று பழி சுமந்த சமுதாயத்தின் பிள்ளைகள் அளித்த பதில் அது.